உம்மாமார் சுமந்து வந்த டீவி கேம்



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற வாரம் ஒன்பதாம் தர மாணவன் ஒருவன் ஆசிரியர் ஓய்வறைக்கு ஒரு சாமானைக் கொண்டு வந்தான். மூத்தம்மாவின் வீட்டு அலுமாரிக்கு மேலே கிடந்ததாம். உள்ளங்கை அளவு மஞ்சள் பிளாஸ்டிக். முன்பக்கம் பாதி கிழிந்த படம். கீழ்ப்பக்கம் வாய் பிளந்து, உள்ளே பல்லுப் பல்லாகத் தகடுகள்.

"சேர், இது என்னா? பழைய ஹார்ட் டிஸ்க்கா?"

அந்த நேரம் அங்கே நாங்கள் நாலு பேர் இருந்தோம். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். முதலில் வாங்கியவர் ஒன்றும் பேசாமல் அதை வாயருகே கொண்டுபோய் "பூ" என்று ஊதினார். அடுத்தவர் வாங்கினார், அவரும் ஊதினார். நாலு பேரும் ஊதி முடித்த பிறகுதான் எங்களுக்கே சிரிப்பு வந்தது. பையன் எங்களைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அது ஒரு டீவி கேம் கெசட். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறோம். எங்கள் ஊரின் வரலாறு என்று எழுத உட்கார்ந்தால் பள்ளிவாசல், பாடசாலை, குளம், வயல், தேர்தல் என்று எழுதுகிறோம். வீட்டுக்குள் வந்த சாமான்களுக்கும் வரலாறு உண்டு. அவற்றை யார் சுமந்து வந்தார்கள் என்பதும் வரலாறுதான்.

முதலில் பெட்டியின் கதை.

தொலைக்காட்சியைப் பார்ப்பதற்கு மட்டுமன்றி விளையாடவும் பயன்படுத்தலாம் என்று 1966 இல் யோசித்தவர் ரால்ஃப் பேயர். ஜெர்மனியில் பிறந்த யூதர். யூதர் என்பதற்காகவே சிறுவயதில் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டு, 1938 இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பிப் போனவர். அவருடைய யோசனையிலிருந்துதான் 1972 இல் மெக்னவொக்ஸ் ஒடிசி என்ற உலகின் முதலாவது வீட்டு விளையாட்டுப் பெட்டி வந்தது. அதில் சத்தம் இல்லை, நிறம் இல்லை. திரையில் சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும் மட்டும். மைதானம் வேண்டுமென்றால் படம் அச்சடித்த பிளாஸ்டிக் தாளைத் டீவிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு வந்த அட்டாரி 2600 (1977) கெசட் மாற்றி விளையாடும் பழக்கத்தை வீடு வீடாகக் கொண்டுபோனது. 1983 இல் அமெரிக்காவில் அந்த வியாபாரம் அப்படியே சரிந்தது. தரமில்லாத ஆட்டங்கள் கடைகளில் குவிந்து, வாங்க ஆளில்லாமல் போயிற்று. விற்காத கெசட்டுகளை நியூ மெக்சிகோ மாநிலத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். 2014 இல் அதைத் தோண்டியும் பார்த்தார்கள்.

அதே 1983 ஜூலை 15 ஆம் திகதி ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் பெமிகொம் என்ற பெட்டியை வெளியிட்டது. விலை 14,800 யென். வெள்ளையும் கடுஞ்சிவப்பும் கலந்த பெட்டி. இதை வடிவமைத்த குழுவின் தலைவர் மசாயுகி உவேமுரா என்ற பொறியியலாளர். இதன் பிரதான நினைவகம் வெறும் 2 கிலோபைட். 1985 இல் வந்த சுப்பர் மரியோ புரோஸ் என்ற முழு ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்றைக்கு நாம் வட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு சாதாரணப் படம் அதைவிடப் பெரியது. இடம் மிச்சம் பிடிக்க அவர்கள் செய்த வேலையைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். மரியோவில் வானத்து மேகமும் தரையிலுள்ள பற்றையும் ஒரே படம். நிறத்தை மாத்திரம் மாற்றியிருக்கிறார்கள். முப்பது வருடமாக அதை நாங்கள் கவனித்ததே இல்லை.

கவனிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்போது எங்களில் பலருடைய வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளை டீவி. மரியோவின் தொப்பி சிவப்பு என்பதே எங்களுக்குப் பிந்தித்தான் தெரியும்.

சரி, ஜப்பான்காரனின் பெட்டி எங்கள் கரையோர ஊருக்கு எப்படி வந்தது? உண்மையில் அது வரவே இல்லை. வந்தது அதன் நகல்.

அமெரிக்காவுக்கு அனுப்பிய பெட்டியில் நின்டெண்டோ ஒரு பூட்டுச் சிப் வைத்தது. அனுமதி இல்லாத கெசட்டைப் போட்டால் ஓடாது. ஜப்பானியப் பெட்டியில் அந்தப் பூட்டு இல்லை. அந்தத் திறந்த கதவால் தைவான்காரர்கள் உள்ளே நுழைந்தார்கள். அதே வேலையைச் செய்யும் சிப்புகளைத் தைவானிலேயே தயாரித்தார்கள். பிற்பாடு எல்லாவற்றையும் ஒரே சிப்பில் அடக்கி, அதன்மேல் கறுப்புப் பசையை ஊற்றி மூடி, இன்னும் மலிவாக்கினார்கள். பழுதான பெட்டியை ஸ்குரூ கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்புப் பொட்டு ஞாபகம் இருக்கும். தைவானின் மைக்ரோ ஜீனியஸ் பல நாடுகளுக்குப் போனது. ரஷ்யாவில் 1992 இல் டெண்டி என்ற பெயரில் வந்தது. போலந்தில் பெகசஸ். சீனாவில் சுபோர். ஒரே பெட்டி, ஊருக்கு ஊர் வேறு பெயர். எங்களுக்கு அது வெறும் "டீவி கேம்".

கெசட்டிலும் அதே கைவரிசைதான். "9999 in 1" என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பது சில ஆட்டங்கள். முதலாம் கட்டத்திலிருந்து தொடங்கினால் ஒரு இலக்கம், மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கினால் இன்னொரு இலக்கம், உயிர் கூட்டிக் கொடுத்தால் வேறொரு இலக்கம். அப்படியே பட்டியல் நீளும். கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டவர்கள்கூட அந்தப் பட்டியலில் எத்தனையாம் இலக்கத்தில் எது கிடக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இனி எங்கள் ஊர்க் கதை.

1970களில் எண்ணெய் விலை ஏறியதோடு வளைகுடா நாடுகளில் வேலை திறந்தது. 1985 இல் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. 1990களில் இந்நாட்டிலிருந்து வேலைக்குப் போனவர்களில் பெண்களே பெரும்பான்மை. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் போனது வீட்டு வேலைக்கு. 1990 ஓகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது பல்லாயிரம் இலங்கையர் அங்கே சிக்கினார்கள். அதே காலத்தில்தான் இங்கே எங்கள் கிழக்கிலும் சண்டை மூண்டு, உயிரும் தொழிலும் போய்க்கொண்டிருந்தன. வயலுக்குப் போகப் பயம், கடலுக்குப் போகத் தடை, கடை திறந்தால் வியாபாரம் இல்லை. ஆண்களின் உழைப்பு நின்ற வீடுகளில் உம்மாமார் பாஸ்போர்ட் எடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் நாங்கள் பிள்ளைகள் நாலு பேர். 1992 இல் உம்மா சவூதிக்குப் போகும்போது கடைசித் தம்பிக்கு மூன்று வயது. எங்களை மூத்தம்மாதான் பார்த்துக்கொண்டார். மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். சில நேரம் பேசிப் பதிவு செய்த கெசட் வரும். அதிலே உம்மாவின் குரலுக்குப் பின்னால் வேறு யாருடையவோ பிள்ளைகள் கத்தி விளையாடும் சத்தமும் கேட்கும்.

1994 இல் உம்மா வந்தார். கட்டுநாயக்கவில் இறங்கி, கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு இரவு தங்கி, அடுத்த நாள் அம்பாறை வழியாக பஸ்ஸில் வந்தார். அந்தப் பாதையில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும். செக்பொயிண்டுக்குச் செக்பொயிண்ட் இறங்க வேண்டும், பொதியை அவிழ்க்க வேண்டும், பிறகு கட்ட வேண்டும்.

உம்மாவின் சூட்கேஸில் கம்பளிப் போர்வைக்குள் சுற்றி ஒரு டீவி கேம் இருந்தது. இரண்டு ஜொய்ஸ்டிக், ஒரு அடப்டர், ஒரு கெசட். அரை மாதச் சம்பளம் கொடுத்து வாங்கியது. அந்தப் பெட்டியோடு ஒரு விளையாட்டுத் துவக்கும் வந்திருக்கிறது. வாத்து சுடும் டக் ஹண்ட் ஆட்டத்துக்கானது. கொழும்பில் அதைப் பார்த்த மாமா, "இத எடுத்துக்கிட்டு அந்தப் பாதையில போகவா போறீங்க?" என்று கேட்டாராம். பிளாஸ்டிக் துவக்குத்தான். ஆனாலும் இருட்டில், பஸ் வெளிச்சத்தில், ஒரு பெண்பிள்ளையின் சூட்கேஸிலிருந்து அது வெளியே விழுந்தால் என்ன நடக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? உம்மா துவக்கை மாமா வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்.

ஆகவே எங்கள் வீட்டில் டக் ஹண்ட் இருந்தது, சுடத் துவக்கு இல்லை. நாய் மோப்பம் பிடிக்கும், பற்றைக்குள் பாயும், வாத்து எழும்பும், நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். வாத்து பறந்து போய்விடும். நாய் எழும்பி எங்களைப் பார்த்துச் சிரிக்கும். இப்படிப் பத்து வாத்தும் பறந்ததும் ஆட்டம் முடியும். சில நாட்களில் தம்பி ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தான். ஜொய்ஸ்டிக்கை அமத்தினால் வாத்து நாம் சொல்லும் பக்கம் பறக்கும்! அந்த ஆட்டத்தைச் செய்தவர்கள், ஒருவர் சுட மற்றவர் வாத்தை ஓட்டலாம் என்று வைத்த வசதி அது. எங்களுக்கு அதுவே முழு ஆட்டமாகிப் போனது. யாருடைய வாத்து திரையில் கூடுதல் நேரம் சுற்றுகிறது என்று முறை வைத்து விளையாடினோம்.

அந்தத் துவக்கு எப்படி வேலை செய்தது என்பதை இப்போது விஞ்ஞான பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். துவக்கிலிருந்து ஒன்றும் வெளியே போவதில்லை. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாகும். துவக்கின் வாயிலுள்ள உணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். பழைய குழாய் டீவி படம் வரையும் வேகத்தோடு ஒட்டிச் செய்த உபாயம் அது. அதனால்தான் இன்றைய தட்டை டீவிகளில் அது வேலை செய்வதில்லை.

வேறு ஆட்டங்களும் இருந்தன. நம்கோ நிறுவனம் 1985 இல் செய்த பெட்டில் சிட்டி, எங்கள் பாசையில் "டாங்கி". இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாம். கீழே செங்கல் சுவருக்குள் இருக்கும் பருந்துச் சின்னத்தைக் காப்பாற்ற வேண்டும். அவசரத்தில் கூட்டாளியே சுட்டு அதை உடைத்துவிடுவான். அதனால் முறிந்த சிநேகிதங்கள் எங்கள் ஊரில் உண்டு. சம்பந்தப்பட்டவர்கள் இந்தப் பதிவையும் வாசிப்பார்கள், பெயர் சொல்லவில்லை. பிறகு கொண்ட்ரா. மேலே மேலே, கீழே கீழே, இடம் வலம், இடம் வலம் என்று அமத்தி முப்பது உயிர் எடுக்கும் மந்திரம். அதை உண்டாக்கியவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமொட்டோ. 1986 இல் கிரேடியஸ் என்ற ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கும்போது தான் செய்த ஆட்டத்தைத் தன்னாலேயே வெல்ல முடியாமல், தனக்கு உதவியாக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. கணக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று அழும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்கிறோம்.

மஃரிபுக்குப் பிறகு வெளியே இறங்க விடாத காலம் அது. அயலில் டீவி கேம் உள்ள வீட்டுக்குத்தான் எல்லாப் பிள்ளைகளும் வரும். ஒரு "உயிர்" போனால் ஜொய்ஸ்டிக்கை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். ஆட்டத்தை இடையில் சேமித்து வைக்க வழியில்லை. 1996 இல் மழை பொய்த்து நாடெங்கும் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டினார்கள். மரியோவின் எட்டாவது உலகத்துக்குப் பக்கத்தில் போய்க் கரண்ட் போன நாட்களை எங்களால் இன்னும் எண்ணிச் சொல்ல முடியும்.

ஊதும் கதையையும் சொல்லிவிடுவோம். கெசட் வேலை செய்யாவிட்டால் ஊதுவோம், ஓடும். உலகம் முழுக்கப் பிள்ளைகள் இதைச் செய்தார்கள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே. ஆனால் சரிசெய்தது ஊதியதல்ல. கழற்றி மறுபடி போட்டதுதான் தகடுகளைச் சரியாகத் தொடவைத்தது. வாய் ஈரம் தகட்டில் பட்டு மெல்ல மெல்ல அரிக்கத்தான் செய்தது. எங்கள் அன்பு இப்படியும் வேலை செய்திருக்கிறது.

2000 ஆண்டுக்குப் பிறகு பிளேஸ்டேஷன் வந்தது. ஜப்பானில் 1994 டிசம்பரில் வந்த பெட்டி, எங்கள் ஊரில் மணித்தியாலக் கணக்கில் காசு வாங்கும் கடையாக வந்தது. சிலருக்கு வாப்பா அனுப்பிய பெட்டி பார்வைக்கு அச்சு அசல் அதுவாகவே இருக்கும். பெயரில் ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும். சீடி போடும் மூடியைத் திறந்தால் உள்ளே பழைய கெசட் போடும் வாய்! அந்த ஏமாற்றத்தைப் பிள்ளைகள் வாப்பாவிடம் தொலைபேசியில் சொல்லவில்லை. "நல்லம் வாப்பா, நல்லா வேல செய்யுது" என்றார்கள். அப்படிச் சொன்ன ஒருவர் இன்று எங்களோடு ஆசிரியராக இருக்கிறார்.

இன்னொரு தொடர்பையும் சொல்ல வேண்டும். சீனாவின் சுபோர், பெற்றோரைச் சமாளிக்க டீவி கேமுக்கு ஒரு கீபோர்ட் பூட்டி, அதைப் "படிக்கும் இயந்திரம்" என்று விற்றது. அந்த நிறுவனத்தை நடத்திய டுவான் யொங்பிங் 1995 இல் விலகித் தனியே தொடங்கிய நிறுவனத்தின் வழியில்தான் பிற்பாடு ஒப்போ, விவோ போன்கள் வந்தன. இன்று எங்கள் மாணவர்களின் கையிலிருக்கும் போன், எங்கள் டீவி கேமின் பெறாமகன் முறை. "ஒன்லைன் கிளாஸுக்கு" என்று சொல்லித்தானே அதையும் வாங்கினார்கள்!

2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது கரையோர வீடுகளோடு இந்தப் பெட்டிகளும் போயின. உயிர்கள் போன நாளில் பெட்டியை யார் தேடுவார்? அதனால்தான் அந்த மாணவன் கொண்டு வந்த ஒற்றைக் கெசட் எங்களுக்கு அதிசயமாகத் தெரிந்தது.

அவனிடம் அனுமதி கேட்டு அதை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய் உம்மாவிடம் காட்டினோம். உம்மாவுக்கு இப்போது பார்வை மங்கல். கையால் தடவிப் பார்த்தார். "ஒங்கட கேம் கெசட்" என்றார். பிறகு நாங்கள் கேட்காமலே பேசினார்.

அவர் வேலை செய்த வீட்டிலும் டீவி கேம் இருந்ததாம். அந்தப் பிள்ளைகள் விளையாடி எறிந்துவிட்டுப் போனதும் வயர்களைச் சுற்றி எடுத்து வைப்பது உம்மாவின் வேலை. "ஒவ்வொரு நாளும் வயரைச் சுத்தக்குள்ள ஒங்கள நினைப்பன். அதுதான் எப்படியும் வாங்கணும் எண்டு வாங்கினன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "நான் வந்த அண்டைக்கி தம்பி எனக்கிட்ட வரல்ல. ஆரோ பொம்புள எண்டு மூத்தம்மாக்குப் பின்னால ஒளிச்சிக்கிட்டான். பெட்டியத் தொறந்த மறுகாதான் கிட்ட வந்தான்."

அது எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் சொல்லாத ஒன்றும் ஞாபகம் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து உம்மா மறுபடி போக விசா வந்தது. போகும் அன்று காலை நாங்கள் நாலு பேரும் வாசலில் நின்றோம். யாரும் "போகாதீங்க" என்று சொல்லவில்லை. "உம்மா, வரக்குள்ள வேற கெசட் ரெண்டு கொண்டு வாங்க" என்று சொன்னோம். உம்மா "ஓம் மகன்" என்றார். எந்தக் கெசட் என்று ஒரு கடதாசியில் எழுதியும் கொடுத்தோம்.

அதை இப்போது உம்மாவிடம் சொன்னோம். சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தோம். "அந்தக் கடதாசி பேர்ஸுக்குள்ள ரெண்டு வருசம் கிடந்திச்சி" என்றார் உம்மா. "நீங்க எழுதின எழுத்துத்தானே."

உறவுகளே, ஒரு வேண்டுகோள். எமது பாடசாலையில் பழம்பொருள் மூலை ஒன்று அமைக்கப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். உங்கள் வீட்டில் பழைய டீவி கேம், கெசட், ஜொய்ஸ்டிக், கையில் வைத்து விளையாடும் பிரிக் கேம் என்று எது கிடந்தாலும், உடைந்திருந்தாலும், எறிந்துவிடாதீர்கள். தர விரும்பாவிட்டால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அத்தோடு மூன்று விபரம் எழுதுங்கள். எந்த வருடம் வந்தது? எந்த நாட்டிலிருந்து வந்தது? யார் கொண்டு வந்தார்?

மூன்றாவது கேள்விக்கு "உம்மா" என்று பதில் வரும் வீடுகளே எங்கள் ஊரில் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறோம். அவர் உயிரோடு இருந்தால், கொமெண்ட் எழுதுவதற்கு முன் அவரிடமே போய்க் கேளுங்கள். எப்படி வாங்கினார், என்ன விலை, எப்படிக் கொண்டு வந்து சேர்த்தார் என்று. அந்தக் கதை இதுவரை எந்தப் புத்தகத்திலும் இல்லை. கேட்காவிட்டால் அவரோடு போய்விடும்.

கொழும்பு மாமா வீட்டில் விட்ட அந்தத் துவக்கு என்னவாயிற்று என்றும் விசாரித்தோம். மாமியின் பேரப்பிள்ளைகள் பல வருடம் அதை வைத்து விளையாடி உடைத்துவிட்டார்களாம். அது எங்களுக்குத் தேவைப்படவும் இல்லை. வாத்துகள் நன்றாகத்தான் பறந்தன.